துண்டான கையும் ஆறு மணி நேரமும்

கோவிட் பயம்

கோவிட் வந்ததற்காகப் பாராங் கத்தி மழுங்கிவிடவில்லை. செம்பனைக் குலை வெட்டும் வேலையும் நிற்கவில்லை. மலேசியாவில் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரல் 1 முதல் பத்துக் கிலோமீட்டர் எல்லையும் சேர்ந்துகொண்டது. தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் பெரிய மருத்துவமனை உண்டு, ஆனால் அது மனநலத்துக்கானது. கை வெட்டுப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். கோவிட் நோயாளிகளைச் சேர்த்ததும் அங்கேதான். சாலைத் தடுப்பைவிடத் தொற்றுப் பயமே பெரிய தடை. மருத்துவ அவசரத்துக்கு ஆணையில் தடை எதுவும் இருக்கவில்லை.

பாட்டியாலாவில் நடந்தது

2020 ஏப்ரல் 12 காலை, பஞ்சாபின் பாட்டியாலா காய்கறிச் சந்தையில் ஊரடங்கு அனுமதிச் சீட்டைக் கேட்ட காவலர் ஹர்ஜித் சிங்கின் கை மணிக்கட்டில் வெட்டுண்டு விழுந்தது. மாநிலக் காவல்துறைத் தலைவர் சண்டிகர் பிஜிஐ மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டார். மருத்துவக் குழு தயாராகக் காத்திருந்தது. ஏறக்குறைய ஏழரை மணி நேர அறுவைச் சிகிச்சையில் கை மறுபடி பொருத்தப்பட்டது. எல்லாருக்கும் காவல்துறைத் தலைவர் கிடைக்கமாட்டார். ஆனால் மலேசியாவில் 999-ஐ அழைத்து, "கை துண்டாகிவிட்டது" என்று முதலிலேயே சொல்லலாமே!

முன்கூட்டிச் சொன்னால் நேரம் மிச்சமாகும். துண்டான உறுப்பில் தசை உள்ள பகுதி குளிர்ச்சியின்றி ஏறக்குறைய ஆறு மணி நேரமே தாங்கும். விரலில் தசை இல்லை. அதனால் பன்னிரண்டு மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும், குளிர்ச்சியில் வைத்தால் இன்னும் கூடுதலாக.

ஐஸில் நேராகப் போடாதீர்கள்

துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். வீக்கம் ஏறுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். தோலில் தொங்கும் விரலை அறுத்துவிடாதீர்கள். அந்தத் தோலுக்குள் ரத்தக்குழாய் இருக்கலாம்.

விழித்திருக்கும்போதே அறுவை

முழு மயக்கத்துக்குத் தொண்டையில் குழாய் செலுத்தும்போது கிருமி காற்றில் பரவும் என்ற அச்சம் மருத்துவர்களுக்கும் இருந்தது. கனடா மருத்துவர் டொனால்ட் லாலோண்ட் பரவலாக்கிய முறை அப்போது கைகொடுத்தது. லிடோகெயினுடன் அட்ரினலின் கலந்து ஊசி போட்டால் அந்த இடம் மரத்துப்போகும், ரத்தமும் குறையும். விரலில் அட்ரினலின் கூடாது என்றுதான் முன்பு கற்பித்தார்கள்! தசைநாரைத் தைத்ததும் "விரலை மடக்குங்க" என்று நோயாளியிடமே சொல்லி, தையல் தாங்குகிறதா என்று மேசையிலேயே பார்த்துவிடலாம். மணிக்கட்டோடு துண்டான கைக்கு இது போதாது. அதற்குப் பெரிய அறுவை அரங்கும் நுண் அறுவை வல்லுநரும் வேண்டும்.