பழைய நகரைப் புதுப்பித்தால் வரவு என்ன? செலவு என்ன?



"கடைவீதியை அகலப்படுத்தப் போகிறார்களாம்" என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும். நம்மில் பாதிப் பேர் ஊர் வளரும் என்று மகிழ்கிறோம். மீதிப் பேர் பிழைப்புப் போயிற்று என்று கலங்குகிறோம். இரண்டுமே அரைக் கணக்குதான். வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்ப்பதே வணிகனுக்கு அழகு. அதற்கு ஏற்ற உதாரணம் பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸ்.

பழைய பாரிஸ் நகரம் சந்துகளும் சாக்கடையுமாக நெரிசல் மிகுந்து கிடந்தது. 1832-ல் பரவிய காலராவில் மட்டும் அங்கே 18,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மன்னர் மூன்றாம் நெப்போலியன் 1853-ல் ஓஸ்மான் என்ற அதிகாரியை நியமித்து, நகரைத் திருத்தி அமைக்கச் சொன்னார். வேலை பதினேழு ஆண்டுகள் நடந்தது.

வரவுப் பக்கம்

அகலமான நேர் வீதிகள் பிறந்தன. ரயில் நிலையங்களுக்கும் சந்தைக்கும் வண்டிகள் தடையின்றிப் போய்வந்தன. தொலைதூர ஊற்றுகளிலிருந்து நல்ல தண்ணீர் வந்தது. 500 கிலோமீட்டருக்கும் மேல் பாதாளச் சாக்கடை அமைந்தது. வீதியெங்கும் எரிவாயு விளக்குகள் எரிந்தன. லே ஆல் என்னும் மொத்தச் சந்தைக்கு இரும்பாலும் கண்ணாடியாலும் காற்றோட்டமான கொட்டகைகள் எழுந்தன. சரக்கு கெடுவது குறைந்தால் அது வணிகனுக்கு லாபம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

செலவுப் பக்கம்

மொத்தச் செலவு சுமார் 250 கோடி பிராங்க். நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் சுற்றுவழியில் வாங்கிய கடன் வெளிச்சத்துக்கு வந்து பெரும் சர்ச்சையாயிற்று. 1870 ஜனவரியில் ஓஸ்மான் பதவி இழந்தார். அவர் போனார்; கடன் நின்றது. பிந்திய தலைமுறைகள் அதைக் கட்டின. நகருக்குள் வரும் சரக்கின்மீது நுழைவு வரி வாங்குவது அந்நாளைய வழக்கம். 1860-ல் சுற்றுப்புற ஊர்களை நகரோடு சேர்த்தபோது அங்கிருந்த மக்களும் அந்த வரிக்குள் வந்தார்கள்.

வாடகை ஏறியது. கூலி வேலை செய்தவர்கள் ஊரின் ஓரங்களுக்குப் போனார்கள். அவர்களை நம்பி நடந்த சந்துக் கடைகள் வாடிக்கையை இழந்தன. அதே நேரத்தில் புதிய பெருவீதிகளில் பெரிய கடைகள் வந்தன. ஃபெலிக்ஸ் போத்தேன் என்ற மளிகை வியாபாரி 1860-ஐ ஒட்டி அப்படியொரு வீதியில் மாடிக்கடை திறந்தார். எழுதி வைத்த விலை, குறைந்த லாபம், நிறைந்த விற்பனை என்பது அவர் முறை. அகலமான சாலை நம் வாடிக்கையாளரை மட்டுமல்ல, நம் போட்டியாளரையும் அழைத்து வரும் என்பதற்கு அவரே சாட்சி.

யாருக்கு இழப்பீடு கிடைத்தது?

இதுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம். கட்டட உரிமையாளர்களுக்கும், செல்லத்தக்க வாடகைப் பத்திரம் வைத்திருந்த கடைக்காரர்களுக்கும் நடுவர் குழு இழப்பீடு நிர்ணயித்தது. பல வேளைகளில் தாராளமாகவே கொடுத்தது. பத்திரம் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருந்தவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இருவருக்கும் ஒரே வீதி, ஒரே தொழில். வித்தியாசம் ஒரு காகிதம் மட்டுமே.

அந்த லே ஆல் சந்தையும் நிலைக்கவில்லை. நெரிசல் தாங்காமல் 1969-ல் அதை ஊருக்கு வெளியே ருன்ஜிஸ் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். இரும்புக் கொட்டகைகளை 1971 முதல் இடித்தார்கள். அந்த இடத்தில் 1979-ல் வணிக வளாகம் வந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கொத்தவால் சாவடிதான் நினைவுக்கு வந்தது. 1996-ல் சென்னையின் காய்கனி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியபோது நானும் என் வெங்காய மண்டியோடு மாறினேன். நன்மை உண்டு. லாரி கடை வாசல்வரை வந்தது. இரவெல்லாம் சந்தில் சிக்கி நிற்கும் தொல்லை ஒழிந்தது. ஆனால் சாவடிக்கு நடந்தே வந்து கூடையில் வாங்கிப்போன சிறு வியாபாரிகள் கோயம்பேட்டுக்கு வரவில்லை. பஸ் செலவுக்கே அவர்கள் லாபம் போதாது. அவர்கள் பெயரில் என் நோட்டில் நின்ற பாக்கியும் நின்றபடியே நின்றது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அந்த முகங்களை இழந்ததுதான் நஷ்டம். கடையை மாற்றலாம், வாடிக்கையை வண்டியில் ஏற்ற முடியாது.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வலியுறுத்துகிறது. அப்பா காலத்து ரசீது போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

இரண்டு: உரிமம், வரி ரசீது, மின் கட்டண ரசீது, கணக்கேடு ஆகியவற்றை வருட வாரியாகச் சேர்த்து வையுங்கள். 2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்படும் சிறு வணிகர் குடும்பத்துக்கு ஒருமுறை உதவித்தொகை உண்டு. அது 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அங்கே தொழில் செய்ததற்கு ஆதாரம் இல்லாதவர் அதைக் கேட்டு வாங்குவது கடினம்.

மூன்று: திட்டம் வரைபடத்தில் இருக்கும்போதே சங்கத்தின் மூலம் கேளுங்கள். மாற்றுக் கடை எங்கே? வேலை நடக்கும் காலத்தில் வியாபாரம் எங்கே? புதிய வாடகை எவ்வளவு? பழைய கடைக்காரருக்கு முன்னுரிமை உண்டா? கடப்பாரை விழுந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஊர் புதுப்பிக்கப்பட வேண்டும். நாற்றமெடுக்கும் சாக்கடைக்கு நாம் காவல் நிற்க முடியாது. அதே சமயம், ஊர் முழுவதும் பெறும் வரவுக்கு ஒரு வீதிக்காரர் மட்டும் செலவு எழுதுவது நியாயக் கணக்கு ஆகாது. அந்தக் கணக்கை நேர்செய்யும் பொறுப்பு சங்கத்துக்கு உண்டு. சங்கத்தின் கையில் ஆதாரத்தைக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. இன்றிரவு கடை அடைத்ததும் பெட்டியைத் திறந்து, வாடகைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.