நடுக்குவாதமும் எலும்பின் வலிமையும்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தைப் பற்றிப் பேசும்போது கைநடுக்கமும் தளர்நடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்கு ஒழுங்காக மருந்துண்ணும் பலர், உடலினுள் ஓசையின்றி நிகழும் மற்றொரு மாற்றத்தை அறிவதில்லை. எலும்பின் அடர்த்தி குறைவதே அம்மாற்றம். இதில் வலியோ வீக்கமோ இராது. ஆகவே, இடுப்பெலும்பு முறிந்த பின்னரே பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது. முறிவுக்கு முன்பே இதனைக் கண்டறிய இயலும் என்பதை வாசகர்களுக்கு உணர்த்த விரும்புகிறோம்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக விரிவாக எழுதியபோதே, உடல் முன்சாய்ந்து நடை ஓட்டமாக மாறுவதைக் குறிப்பிட்டிருந்தார். எலும்பு தேய்வது பற்றிய அறிவு பிற்காலத்தில் வந்தது. இந்நோய் உள்ளவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு, அதே வயதினரைவிட ஏறத்தாழ இரு மடங்கு என இன்று ஆய்வுகள் காட்டுகின்றன.

காரணங்கள் பல. தசையின் இழுவிசையும் உடலின் எடையும் எலும்பின்மீது படும்போதுதான் எலும்பு உறுதி பெறுகிறது. நடமாட்டம் குறைந்தால் அத்தூண்டுதலும் குறைகிறது. வெளியே செல்லாமையால் வைட்டமின் டி குறைகிறது. உடல் எடையும் இறங்குகிறது. லெவோடோபா மருந்து இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருளைச் சற்று உயர்த்துவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதற்காக அம்மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் உடல் இறுகி, விழும் அபாயமே கூடும். வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் குறைவைச் சரிசெய்தால் ஹோமோசிஸ்டீனைக் குறைக்கலாம்.

விழும் விதமும் முக்கியமானது. கால்தடுக்கும் பிறர் கையூன்றித் தம்மைக் காத்துக்கொள்வர். நடுக்குவாதம் உள்ளவரின் கை உரிய நேரத்தில் நீள்வதில்லை. திரும்பும்போது பக்கவாட்டில் சாய்வதால் அடி நேரே இடுப்பில் விழுகிறது.

மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பகுதிகளில் வீட்டிலுள்ள இளையோர் ஆலைகளுக்கும் ஷிப்டு வேலைக்கும் சென்றுவிட, பகலில் முதியவர் தனித்திருப்பது வழக்கம். "விழுந்துவிடுவீர்கள், எழுந்திருக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுச் செல்வது அன்பினால்தான். ஆயினும் நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவரின் எலும்பும் தசையும் மேலும் மெலிகின்றன. அடுத்த முறை எழும்போது விழும் வாய்ப்பு கூடுகிறது. துணையிருக்கும் வேளையில் நாள்தோறும் நடக்கச் செய்வதே உண்மையான பாதுகாப்பு. வெளியே வர இயலாதோருக்கு, 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டிலேயே கிடைக்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

எலும்பின் அடர்த்தியை டெக்சா ஸ்கேன் அளக்கிறது. ஊசியில்லை, வலியில்லை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. அதன் முடிவான டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை எனக் கொள்கிறோம். நடுக்குவாதம் உள்ள முதியோர் அனைவரும், ஒருமுறையேனும் விழுந்தவர்களும், இச்சோதனை பற்றித் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

முதியோருக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. பால், தயிர், எள், முருங்கைக்கீரை ஆகியவையும் உதவும். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் லெவோடோபா உட்கொள்ளப்படுவதைத் தடுக்கக்கூடும் என்பதால், மாத்திரையை உணவுக்கு அரைமணி நேரம் முன்பே உண்க. பாலைக் கைவிட வேண்டியதில்லை. அதிகாலை இளவெயிலில் வைட்டமின் டி போதிய அளவில் உருவாவதில்லை. முற்பகல் 11 மணிக்குப் பின் கைகால்களில் சிறிது நேரம் வெயில் படுவது நன்று. கோடையிலும், எழுந்து நின்றால் தலைசுற்றும் நிலையிலும் மருந்தே ஏற்றது. வைட்டமின் டி மருந்தைத் தாமே வாங்கி மாதக்கணக்கில் உண்பது தீங்காகலாம்.

எலும்புப்புரைக்கு நல்ல மருந்துகள் உள்ளன. வாரம் ஒருமுறை உண்ணும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுவோருக்கு ஆண்டுக்கொருமுறை நரம்புவழி ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் பொருந்தும். அதற்குமுன் சிறுநீரகம், வைட்டமின் டி, பற்கள் ஆகியவற்றைப் பரிசோதிப்போம்.

எத்தனை கவனமிருந்தும் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், நடுக்குவாத மருந்துகளின் பெயரையும் வேளையையும் எழுதிய தாளை முதலிலேயே கொடுங்கள். ஒரு வேளையும் தவறக் கூடாது. வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு இந்நோயை மிகைப்படுத்தும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, நடுக்கம் எப்படியுள்ளது என்பதோடு, கடந்த ஆறு மாதங்களில் எத்தனை முறை விழுந்தார், எவ்விடத்தில், எந்நேரத்தில் என்பதையும் சொல்லுங்கள். அடிபடாத வீழ்ச்சியையும் விட்டுவிட வேண்டாம். அடுத்த வீழ்ச்சியைத் தடுக்க எங்களுக்கு வழிகாட்டுவது அத்தகவலே.