தாண்டத் தெரியாத அனுமன்

சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு அனுமன் பறந்தபோது உதிர்ந்த துண்டுகள்தான் புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலைக் குன்றுகள் என்பது அந்த வட்டாரத்துக் கதை. மேலமலை, கோட்டைமலை, கடம்பர் மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை உட்பட ஒன்பது குன்றுகள். அங்கே மூலிகை விளைவதற்கும் இந்தக் கதையையே காரணமாகச் சொல்வார்கள். மேலமலையின் மொட்டைப் பாறையில் ஏறி நின்றால், ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் நடுவே கிடக்கும் வெட்டவெளி கண்ணில் படும். அனுமன் கதை கேட்கிற பிள்ளைகள் மனத்தில் முதலில் ஒட்டிக்கொள்வது அந்த வெளியைக் கடக்கிற தாவல்தான்.

அந்த அனுமனை 2009-ல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்குக் கொண்டுவந்தது. கேமின் பெயர் ‘ஹனுமான்: பாய் வாரியர்’. செய்தவர்கள் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ். வீட்டு டிவியில் ஆடும் கன்சோலுக்காக முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் கேம் என்ற பெருமையோடு வந்தது. உலகமெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற கன்சோல், நமக்குத் தெரிந்த நாயகன், கையில் கதாயுதம், கார்ட்டூன் போன்ற முகம். ஜெயிப்பதற்கு வேண்டியதெல்லாம் இருந்தது.

ஆனால் கேம் தோற்றது. காட்சிகள் பழையதாகத் தெரிந்தன. கன்ட்ரோல் கைக்கு அடங்கவில்லை. விமர்சகர்கள் தயவுதாட்சண்யம் பார்க்காமல் எழுதினார்கள், அதில் தவறில்லை.

அதைவிடப் பெரிதாக எழுந்தது வேறொரு சர்ச்சை. அமெரிக்காவின் நெவாடாவில் வாழும் இந்து சமயப் பிரமுகர் ராஜன் ஜெத், கடவுளை ஆடுபவரின் விரலுக்குக் கட்டுப்படுத்துவது அவமதிப்பு என்று சொல்லி, கேமைத் திரும்பப் பெறச் சொன்னார். இதை நான் ஏற்கவில்லை. வேடம் கட்டி ஆடும் கூத்தும், குச்சியில் தெய்வங்களை ஆட்டுவிக்கும் தோல்பாவைக்கூத்தும் நம் மரபு. ஜப்பானியர்கள் 2006-ல் இதே பிளேஸ்டேஷன் 2-க்குச் செய்த ‘ஓகாமி’யில், சூரிய தேவதை அமதெரசுவை வெள்ளை ஓநாயாக நம் கையில் கொடுத்தார்கள். தூரிகை ஓவியம் போல் வரைந்த அந்த உலகத்தில் தெய்வத்தின் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அனுமனைக் கேமாக்கியதில் குற்றமில்லை. அரைகுறையாக ஆக்கியதுதான் குற்றம்.

இந்த மாதிரி கேமை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான்: அந்தத் தாவல் எப்படி இருக்கிறது? நிண்டெண்டோவின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985-லேயே இதற்குப் பாடம் எழுதிவிட்டது. பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் துள்ளல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். காற்றிலும் கொஞ்சம் திருப்பலாம். நல்ல கேம்களில் இன்னொரு கருணையும் உண்டு. விளிம்பை விட்டுக் கால் நழுவிய பின்னும், நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குள் பட்டனை அழுத்தினால் தாவல் செல்லும். ஆடுகிற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. தன் திறமையில் தப்பித்ததாகவே நினைக்கும். கேமரா விழுமிடத்தை முன்கூட்டியே காட்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் விரலுக்கும் பாத்திரத்துக்கும் உறவு பிறக்கும். கடலையே தாண்டிய வீரனை வைத்துச் செய்த கேமில் அந்த உறவு பிறக்காமல் போனதுதான் என் வருத்தம்.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் கொண்டுவந்த ‘ராஜி’யில் அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. தம்பி கோலுவைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதை. சுவரில் ஓடுவாள், தூணைப் பற்றிச் சுழன்று அடிப்பாள். கதை சொல்லும் இடங்களில் நிழற்பாவைகள் வருகின்றன. பணம் திரட்டும் முயற்சி கைகூடாதபோது, நிறுவனர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் தன் ஃபிளாட்டை விற்று வேலையைத் தொடர்ந்தார். சண்டைகள் போகப்போக ஒரே மாதிரி ஆகின்றன, கேமும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் மனத்தில் நிற்கிறது.

நார்த்தாமலைக்கு வருவோம். அங்கே மேற்கு பார்த்து நிற்கும் விஜயாலய சோழீச்சரம் கோயில், எதிரே குடைவரை, அதன் பாறைச் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு திருமால் உருவங்கள், முன் மேடையின் அடிப்பகுதியில் யாளியும் யானையும் ஓடும் சிற்பப் பட்டை. ஒரு கேமுக்கு வேண்டிய ஏற்றமும் சரிவும் இருளும் காவல் மிருகங்களும் ஒரே குன்றில் இருக்கின்றன. கோயிலின் வட்ட வடிவக் கருவறையைச் சதுரமான சுவர் சூழ்ந்திருக்க, நடுவே ஒரு சுற்று வழி. அதை லெவலாக அமைக்கத் தனியாகக் கற்பனைகூட வேண்டாம்.

பிள்ளைக்கு வாங்கித் தர நினைப்பவர்களுக்கு: ‘ஹனுமான்’ பழைய டிஸ்க் கிடைத்தால் சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆடுவதற்கு ‘ராஜி’யை வாங்குங்கள். தமிழ்நாட்டில் கேம் செய்யும் இளைஞர்களுக்கு: ஒரு நாள் நார்த்தாமலை ஏறிப் பாருங்கள். திரும்பி வந்ததும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தாவலைச் செய்து முடியுங்கள்.