கடுகளவு எரிபொருளும் 192 லேசர் கற்றைகளும்

2022 டிசம்பர் 5ஆம் நாள், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரே நேரத்தில் சிறிய தங்கக் குழல் ஒன்றினுள் பாய்ந்தன. அவை கொண்டு சென்ற ஆற்றல் 2.05 மெகாஜூல். குழலினுள் இருந்த கடுகளவு உருண்டை நசுங்கி, அதிலிருந்த கன ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து, 3.15 மெகாஜூல் வெளிவந்தது. சூரியனுக்குள் நடப்பதும் இத்தகைய இணைவுதான். ஓர் ஆய்வுக்கூடத்தில், லேசர் கொடுத்ததைவிட இணைவு அதிகமாகத் திருப்பிக் கொடுத்தது அதுவே முதன்முறை.

மலாக்காவில் என் படிவம் ஐந்து மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, ஒருவன் கேட்டான்: "அப்படின்னா இனிமே கரண்டு பில்லு குறையுமா சார்?" (பாடம் மலாயில் நடந்தாலும் சந்தேகம் மட்டும் தமிழில்தான் வரும்.) நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன கணக்கையே இங்கும் தருகிறேன்.

தெனாகா நேஷனல் கட்டணச் சீட்டில் வரும் ஒரு யூனிட் 3.6 மெகாஜூலுக்குச் சமம். ஆகவே உலகமே வியந்த அந்த 3.15 மெகாஜூல் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. சுமார் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், அவ்வளவுதான். அந்த லேசரை ஒருமுறை சுடுவதற்கு மின்கம்பியிலிருந்து எடுத்ததோ ஏறத்தாழ 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட்! நாளிதழ்களில் இந்த எண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

எங்கே போயிற்று மீதி? லேசர் ஒளியைப் பெருக்குவது நியோடிமியம் கலந்த கண்ணாடிப் பாளங்கள். அவற்றுக்கு ஊட்டம் தருபவை 7,680 செனான் விளக்குகள். கல்யாண வீட்டில் புகைப்படக்காரர் பயன்படுத்தும் ஃபிளாஷின் பெரிய அண்ணன்கள் எனலாம். இவை எல்லா நிறத்திலும் ஒளி கொட்டும். கண்ணாடி உறிஞ்சுவதோ சில நிறங்களை மட்டுமே. தோட்டம் முழுக்க மழை கொட்டினாலும் மங்கில் விழுவது கொஞ்சம் என்பது பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். மீதி வெப்பமாகிறது. கண்ணாடி ஆறுவதற்கே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் மின்நிலையம் என்றால் விநாடிக்குப் பத்து முறை சுட வேண்டும். ஒரு நாளைக்கு 8,64,000 முறை.

இதற்கு மாற்றாக வருபவை டையோடு லேசர்கள். கண்ணாடிக்கு வேண்டிய நிறத்தை மட்டுமே இவை தரும். வீணாவது வெகுவாகக் குறைகிறது. லிவர்மோரில் உருவாக்கி செக் நாட்டின் இ.எல்.ஐ. ஆய்வு மையத்திற்கு அனுப்பிய ஒரு லேசர் இவ்வகையைச் சேர்ந்தது. விநாடிக்குப் பத்து முறை சுடும்படி வடிவமைக்கப்பட்ட அது, 2018இல் விநாடிக்கு 3.3 முறை, ஒவ்வொரு முறையும் 16 ஜூல் வீதம் சுட்டது. மெகாஜூல் எங்கே, 16 ஜூல் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இடைவெளி பெரிதுதான். டையோடுகளின் விலையும் பெருந்தடை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அகச்சிவப்பு ஒளியைப் படிகங்களின் வழியே புற ஊதா ஒளியாக மாற்றித்தான் தங்கக் குழலுக்குள் செலுத்துகிறார்கள். வழியில் ஆற்றலில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. அதோடு, புற ஊதா ஒளி வில்லைகளின் பரப்பில் நுண்ணிய குழிகளைப் பறிக்கிறது.

ஆயினும் லேசரைச் சற்றே மேம்படுத்தினால் பலன் பன்மடங்காகிறது. 2021 ஆகஸ்டில் 1.9 மெகாஜூல் கொடுத்து ஏறத்தாழ 1.3 எடுத்தார்கள். லேசர் ஆற்றலைச் சிறிதளவு கூட்டி, உருண்டையின் ஓட்டைச் சற்றுத் தடிப்பாக்கியதும் 3.15 வந்தது. 2025 ஏப்ரலில் 2.08 கொடுத்து 8.6 எடுத்தார்கள். இதனால்தான் நான் இந்த ஆராய்ச்சியைக் கேலி செய்வதில்லை.

இது நமக்கு எட்டாத துறை என்று எண்ணுபவர்கள் கோலாலம்பூரைப் பார்க்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங் 1985-86இல் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு ஆய்வாளர்களுக்கு லேசர், பிளாஸ்மா பயிற்சி நடத்தினார். அங்கு உருவான 'பிளாஸ்மா குவியம்' கருவிக்கு லேசர் தேவையில்லை. 15 கிலோவோல்ட்டில் மின்னேற்றிய ஒரு மின்தேக்கியின் 3.3 கிலோஜூல் போதும். டியூட்டீரியம் வாயுவை நிரப்பினால் உண்மையான இணைவே நடந்து நியூட்ரான்கள் வெளிவரும். பயிற்சி முடிந்தவர்கள் அக்கருவியைத் தங்கள் நாடுகளில் நிறுவினார்கள்.

நான் வளர்ந்த ஜாசின் வட்டாரத் தோட்டத்தில் அக்காலத்தில் இரவு பத்து மணிக்கு இன்ஜின் நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அதே ஆண்டுகளில், சில மணி நேரப் பயணத் தொலைவில் அணுக்கருக்கள் இணைந்துகொண்டிருந்தன என்பதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அந்த மாணவனிடம், "உன் பில்லு இப்போதைக்குக் குறையாது தம்பி" என்றேன். "டையோடு விலை குறைஞ்சா?" என்று கேட்டான். அன்றைய பாடம் அதோடு அரை மணி நேரம் நீண்டது.