கழற்றுவதும் பூட்டுவதும்

நம் பாட்டன்மார் காலத்தில் வீட்டுக்கு வண்டி ஒன்றுதான். அதற்கு வேலையோ இரண்டு. எரு அடிக்கும் நாளில் அது பார வண்டி. திருவிழா வந்துவிட்டால் மூங்கில் வளைவுகளைச் செருகி, மேலே பாய் வேய்ந்து, உள்ளே வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரிப்பார்கள். அதுவே கூண்டு வண்டியாகிவிடும். திருவிழா முடிந்ததும் கூண்டு மீண்டும் கொட்டகைக்குப் போகும். கூண்டைக் கழற்றவும் பூட்டவும் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

அந்தக் கூண்டு இன்று வேறு உருவில் நம்மிடையே வந்திருக்கிறது. பின்புறம் திறந்த தொட்டியுடைய பிக்-அப் வண்டிகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். இசுசு நிறுவனத்தின் வி-கிராஸ் வண்டி 2016ஆம் ஆண்டு முதல், தடாவுக்கு அருகிலுள்ள ஸ்ரீசிட்டியில் உருவாகி வந்தது. டொயோட்டாவின் ஹைலக்ஸ் வண்டி 2022ஆம் ஆண்டு, நம் பெங்களூரை அடுத்த பிடதியிலேயே பூட்டப்பட்டு வெளிவந்தது. இத்தகைய வண்டியின் தொட்டி மேல் இரும்பினாலோ அலுமினியத்தினாலோ ஆன சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் மடக்குக் கூடாரம் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். இரவில் விரித்தால் அறை. பகலில் மடித்தால் மெத்தை கனத்தில் ஒரு பெட்டி. இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. 1950களின் இறுதியிலேயே இத்தாலி நாட்டில் கார்க் கூரைக் கூடாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. பின்னர்க் கிழக்கு ஜெர்மனியில், டிராபன்ட் என்னும் மிகச் சிறிய காரின் தலைமேல்கூட அதை ஏற்றி ஊர் சுற்றினார்கள்.

பெங்களூர் கிழக்கு இரயில் நிலையத்துக்கு அணித்தாயுள்ள நம் ஜீவனஹள்ளியிலும் அப்படி ஒரு வண்டி உண்டு. அது நம் மைத்துனருடையது. அதைக் கழற்றிப் பூட்டிய கதையைத்தான் இங்கே எழுதப் புகுந்தோம். இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கேட்பது நியாயமே, ஆனால் அன்று ஆள் போதவில்லை!

ஏன் கழற்ற நேர்ந்தது?

சென்ற ஆண்டு நம் மாமனார் காலமானார். திருப்பத்தூரை அடுத்த சிற்றூரில் தனித்துவிட்ட அத்தையைப் பெங்களூருக்கு அழைத்து வருவதென்று முடிவாயிற்று. அத்தை ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். தம் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோவும், கயிற்றுக் கட்டிலும், அம்மிக் கல்லும் கூட வரவேண்டும். பீரோவை நிமிர்த்தித்தான் ஏற்றலாம். தொட்டி மேல் சட்டமும் கூடாரமும் இருந்தால் அதற்கு இடமேது? வேறு லாரி பேசிக்கொள்ளலாம் என்றோம். "வேண்டாம் மாமா. அம்மா சாமானை நம்ம வண்டியிலேயே கொண்டு வரணும்" என்றார் மைத்துனர். அதற்குமேல் பேச்சில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் அவ்வண்டியில் குழந்தைகளோடு ஏலகிரி சென்று வந்திருந்தோம். ஏறும் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் குழந்தைகள் பெயரை உரக்கப் படித்துக் கைதட்டியது இன்னும் காதில் ஒலிக்கிறது. தங்கும் விடுதி ஒன்றின் முற்றத்தில், உரியவரிடம் அனுமதி பெற்று, வண்டியை நிறுத்திக் கூடாரம் விரித்தோம். மேலே மூன்று குழந்தைகள் உறங்கினர். கீழே நாம் நிம்மதியாகக் குறட்டை விட்டோம்.

கழற்றும் முறை

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம்.

முதலில் கூடாரத்தை விரித்து நன்றாக வெயில் காட்டினோம். ஈரத்தோடு மடித்து வைத்த துணியில் சில நாளிலேயே பூஞ்சை பூக்கும். பிறகு அந்த நாற்றத்தைப் போக்க எந்தச் சோப்பாலும் இயலாது. மெத்தை, ஏணி முதலியவற்றை முன்னதாகவே தனியே எடுத்துவிட்டதால் எடை குறைந்தது. அடுத்து, எந்தத் துளையில் எந்த போல்ட், எந்த வரிசையில் வாஷர் என்பதையெல்லாம் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டோம். சட்டம் அமர்ந்திருந்த இடத்தின் ஓரங்களில் சுண்ணக் கட்டியால் கோடு போட்டோம். ஒவ்வொரு மூலையின் நட்டுகளையும் தனித்தனி டப்பாவில் இட்டு, மேலே 'முன் இடம்', 'பின் வலம்' என எழுதி ஒட்டினோம். இது அற்ப வேலையாகத் தோன்றும். திரும்பப் பூட்டும் நாளில் இதன் அருமை தெரியும்.

இவ்வகைக் கூடாரம் ஏறக்குறைய 60 கிலோ இருக்கும். சட்டம் வேறு 40, 50 கிலோ. ஆகவே நான்கு பேர் கட்டாயம் தேவை. நால்வரும் கட்டளையிட்டால் கூடாரம் காலில் விழும். ஒருவர் மட்டுமே குரல் கொடுக்கவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும். எதிரெதிர் மூலையாக நட்டுகளைத் தளர்த்தவேண்டும். கடைசி இழைகளில் நட்டு நிற்கும்போதே நால்வரும் பிடித்துக்கொண்டு, அதன்பின்தான் முழுதும் கழற்றவேண்டும். இறக்கியதைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மரக்கட்டைகளின்மேல் வைத்துத் தார்ப்பாயால் மூடினோம். எலிக்குப் பயந்து அந்துருண்டையும் இட்டோம்.

ஒரு நட்டு

இந்த இடத்தில்தான் நமக்கு உடல் நடுங்கியது. பின் வலது மூலைக்கு வந்தோம். ஸ்பானரை எடுக்கக் கை நீட்டிய மைத்துனர் அப்படியே நின்றார். நட்டு விரலாலேயே சுழன்றது! அடுத்த மூலையில் ஒரு வாஷரே காணோம். நாலில் இரண்டு பிடிப்புகள் பெயருக்குத்தான் இருந்தன. பதினான்கு வளைவுகளிலும் இறங்கி, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் விரைந்து வந்த பாதை முழுவதும் அந்த 60 கிலோ எதை நம்பி நின்றது? அது கழன்று பின்னால் வந்த மோட்டார் சைக்கிளின்மேல் விழுந்திருந்தால்? நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

குற்றம் விற்றவருடையதன்று; நம்முடையது. பொருத்திய நாளன்று இறுக்கியதோடு சரி. அதன்பின் ஒருமுறையும் தொட்டுப் பார்க்கவில்லை.

இரயில்வேயில் 'கீமேன்' என்றொரு தொழிலாளர் உண்டு. கையில் சுத்தியும் ஸ்பானருமாக, தமக்குரிய தண்டவாளப் பகுதியை நாள்தோறும் நடந்தே பார்த்து வருவார். ஓடும் வண்டியின் அதிர்ச்சியில் ஆணியும் போல்ட்டும் தளரத்தான் செய்யும். ஆகவே, அவற்றைப் பார்த்துப் பார்த்து இறுக்குவதே அவர் பணி. 1864ஆம் ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. நம்மில் பலருடைய முன்னோர் அவ்வழியாகத்தான் இந்நகருக்கு வந்தார்கள். அன்று முதல் இன்று வரை அப்பாதையைக் காத்து வருவது இந்தக் கால்நடைக் காவல்தான். இதை அன்றாடம் கண்ணால் காணும் நாமே, நம் குழந்தைகள் உறங்கும் கூடாரத்துக்குக் கீமேன் வைக்க மறந்தோம்!

எடையும் சட்டமும்

அன்று முதல் இதைப் பற்றிச் சற்றுப் படித்தறிந்தோம். நேயர்களுக்குப் பயன்படுமென்று சுருக்கமாகச் சொல்கிறோம்.

நிற்கும் வண்டியின் சட்டம் தாங்கும் எடை வேறு; ஓடும் வண்டியில் தாங்கும் எடை வேறு. நிற்கும்போது கூடாரத்தோடு இரண்டு மூன்று பேரையும் தாங்கும் சட்டம், ஓடும்போது அதில் ஒரு சிறு பங்கையே தாங்கும். பள்ளத்தில் விழுந்தெழும்போதும், திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் எடை பன்மடங்காக இழுப்பதே காரணம். இவ்விரண்டு அளவுகளையும் வண்டியின் கையேட்டிலும் சட்டத்தின் குறிப்பிலும் தனித்தனியே பார்க்கவேண்டும். எது குறைவோ அதுவே நமக்கு எல்லை. உயரத்தில் எடை ஏறினால் வளைவுகளில் வண்டி சாயும் தன்மையும் கூடும். ஆகவே மலைப்பாதையில் வேகம் குறையவேண்டும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். கூரைமேல் பெரிய பெட்டி வைத்த கார், அதிவேகச் சாலையில் நூற்றுக்கு 10 முதல் 25 வரை மைலேஜ் இழக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது. பயணமில்லாத மாதங்களில் கழற்றி வைப்பது பணத்துக்கும் நல்லதே.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே வண்டியில் துளையிடுவதும், வெல்டிங் வைத்து நிலையாகப் பொருத்துவதும் வேண்டாம். கிளாம்ப் கொண்டு பிடிக்கும், கழற்றக்கூடிய சட்டமே தக்கது. அதையும் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

இன்னொன்று: உதகைக்குச் செல்வோர் பந்திப்பூர்க் காட்டுவழியில் வண்டியை நிறுத்திக் கூடாரம் விரிக்க எண்ணவே கூடாது. அவ்வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு 2009ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. காட்டின் இரவு அங்குள்ள விலங்குகளுக்கு உரியது.

பூட்டும் முறை

பீரோவும் கட்டிலும் அம்மியும் அத்தையோடு ஜீவனஹள்ளி வந்து சேர்ந்தன. பொங்கல் நெருங்கியது. அத்தை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் நாட்காட்டியை அடிக்கடி பார்த்தார். ஊருக்கு ஒருமுறை அழைத்துப் போவோம் என்று தீர்மானித்தோம். ஊர் வீட்டில் படுக்க இடம் போதாது. எனவே கூடாரம் மீண்டும் ஏறவேண்டியதாயிற்று.

இம்முறை பழைய நட்டுகளைத் தூக்கியெறிந்தோம். உள்ளே நைலான் வளையமுள்ள நட்டுகள் எளிதில் தளரா. ஆனால் திரும்பத் திரும்பக் கழற்றினால் அவ்வளையம் தேய்ந்துவிடும். ஆகையால் புதியனவே வாங்கினோம். அலுமினியத்தோடு வேறு உலோகம் சேருமிடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு உண்டாகும். அங்கெல்லாம் ரப்பர்த் துண்டு வைத்தோம். பெயிண்ட் உரிந்த இடங்களைத் தேய்த்துப் புதிதாகப் பூசினோம். வெல்டிங் இணைப்புகளில் விரிசல் உண்டா என்று வெளிச்சம் அடித்துப் பார்த்தோம்.

முதலில் சட்டத்தைச் சுண்ணக் கோட்டின்மேல் அமர்த்தி, எல்லா நட்டுகளையும் விரல் இறுக்கத்தில் மட்டும் விட்டோம். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றானால்தான் சட்டம் கோணலின்றி நிற்கிறதென்று பொருள். அதன்பின் எதிரெதிர் மூலையாக, மூன்று சுற்றில், சிறிது சிறிதாக இறுக்கினோம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்றைத் தெரிந்த பட்டறையில் இரவல் பெற்று, தயாரிப்பாளர் குறித்த அளவோடு நிறுத்தினோம். பலமெல்லாம் காட்டி முறுக்குவதும் தவறே. இழை அறுந்தால் போல்ட் பயனற்றதாகும். கூடாரத்தையும் அவ்வாறே பூட்டினோம். இறுதியில் ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட்டுக்குத் தொடர்ந்தாற்போல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தோம். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிவிடும்.

பூட்டி முடித்ததும் தரையிலிருந்து மொத்த உயரத்தை அளந்தோம். ஏழடி ஐந்தங்குலம்! அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டினோம். இரயில் பாதையின் கீழே செல்லும் வழிகளிலும், அடுக்குமாடிகளின் அடித்தள நிறுத்தங்களிலும் உயர வரம்பு எழுதியிருப்பார்கள். நம் உயரம் நமக்குத் தெரியாவிட்டால் அந்த எழுத்தால் என்ன பயன்?

கீமேன் பதவி நம் மூத்த பெண்ணுக்குக் கிடைத்தது. அவளுக்கு வயது பன்னிரண்டு.

கிருஷ்ணகிரியில்

போகி அன்று விடியற்காலை புறப்பட்டோம். புதிதாகப் பூட்டிய சட்டத்தை 80, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்க்கவேண்டும் என்பது விதி. கிருஷ்ணகிரி அருகே காப்பிக்கு நிறுத்தினோம். மற்றவர் காப்பிக் கடைக்குப் போக, கீமேன் மட்டும் வண்டியைச் சுற்றி வந்தாள். "அப்பா, இந்தக் கோடு நேரா இல்லை" என்று குரல் கொடுத்தாள். முன் இடது மூலையில் கோடு நகக்கண் அளவு விலகியிருந்தது. ஸ்பானரை எடுத்தோம், கால் சுற்று இறுகியது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை ஏலகிரிப் பயணத்தில் நாம் செலவிடவில்லையே என்று எண்ணியபோது காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

அத்தை கீழே நின்று கூடாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். புறப்பட்ட அவசரத்தில் அப்போதுதான் அதைச் சரியாகக் கண்டார் போலும்.

"என்ன மாப்பிள்ளை, வண்டிக்குக் கூண்டு போட்டுட்டீங்களா?" என்றார். "அவங்க இருந்தப்போ நாங்களும் இப்படித்தான் ஆடித் திருவிழாவுக்குப் போவோம். அச்சாணி சரியா இருக்கான்னு மூணு தடவை தட்டிப் பார்த்துட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்."

நாம் படித்தறிந்ததையெல்லாம் மாமனார் படிக்காமலே அறிந்திருந்தார்.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு ஊர்ப் பயணம் உயிர் போன்றது. எந்த வண்டியானாலும் சரி, தலைமேல் எதை ஏற்றினாலும் சரி, புறப்படுமுன் ஒருமுறையும் வழியில் ஒருமுறையும் சுற்றி வந்து தொட்டுப் பாருங்கள். வீட்டுக்கொரு கீமேன் இருக்கட்டும்.