ஏலமும் மிளகும்: வெள்ளைச் சுண்டெலி வளர்ப்போர் கவனத்திற்கு!



“எலியையா வளர்க்கிறே?” என்று நீங்கள் மூக்கைப் பொத்துவது தெரிகிறது. எங்க மாமா மதுரையிலிருந்து இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள் வாங்கி வந்தார். நம்ம மலையில் விளைகிறதையே பெயராக வைத்தேன்: ஏலம், மிளகு. இப்போது ஏலம் மட்டும்தான் இருக்கிறது. மிளகு ஆறாம் நாள் செத்துப்போச்சு. தப்பு என்னுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

கார்த்திகைக் குளிருக்கு இதமா இருக்கட்டும்னு, அட்டைப்பெட்டியில் மரத்தூளை நிறையப் போட்டு மூடி வைத்தேன். மிளகு தும்மியது. சாதாரண சளிதானே என்று விட்டுவிட்டேன். காற்று போகாத பெட்டியில் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும், மரத்தூள் தூசியும் சேர்ந்து அதன் நுரையீரலைக் கெடுத்துவிட்டன. கால்நடை மருத்துவர் சொல்லித்தான் இது எனக்கே தெரியும்.

சுண்டெலி தன் நோயை மறைக்கும். நோஞ்சான் என்று தெரிந்தால் பூனை பிடித்துவிடும் அல்லவா? எனவே புதிதாக வந்த எலியிடம் இவற்றைக் கவனியுங்கள்:

1. தும்மல், மூச்சு விடும்போது ‘டிக் டிக்’ சத்தம்
2. சிலிர்த்த முடி, கூனிய முதுகு, பாதி மூடிய கண்
3. ஓயாமல் சொறிதல் (பூச்சி இருக்கலாம்)
4. தீனி எடுக்காமை, மெலிதல்

ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு எலி இருக்காது! கம்பிக் கூண்டே நல்லது. மரத்தூளுக்குப் பதில் காகிதத்தைக் கிழித்துப் போடலாம். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்காதீர்கள். மூன்றே வாரத்தில் குட்டி போட்டுவிடும்.

நமக்கு வரும் ஆபத்து

“எலி செத்து விழுந்தா ஊரையே காலி பண்ணிட்டுக் காட்டுல குடிசை போட்டாங்களாம்” என்பார் எங்க அப்பத்தா. அவங்க ஆத்தா சொன்ன கதை அது. கதை இல்லை, உண்மை! நம் கம்பம் பள்ளத்தாக்கில் பரவிய பிளேக்கைப் பற்றி 1934-ல் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்திருக்கிறது. எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புகிறது என்று 1898-ல் கராச்சியில் கண்டறிந்தவர் சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்.

இன்று நாம் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. போடிமெட்டுக்கு மேலே கேரளத் தோட்டங்களில் இதை ‘எலிப்பனி’ என்பார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் நம் காலில் உள்ள புண் வழியாக இந்தக் கிருமியை உள்ளே விட்டுவிடும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

வீட்டுச் சுண்டெலியும் வெள்ளைச் சுண்டெலியும் ஓர் இனம்தான். வீட்டு எலி கூண்டுக்குப் பக்கத்தில் வந்தால் அதன் நோய் இதற்கும், இதனிடமிருந்து நமக்கும் வரும். ஆகவே தீனியை மூடி வையுங்கள். கூண்டை அடுப்படியில் வைக்காதீர்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கடித்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அக்கா வருகிறாள்

ஏலக்காய் ஸ்டோரில் வேலை முடிந்து வந்த அம்மா ஒருநாள், “அக்கா பிரசவத்துக்கு வரப்போறா. அந்த எலியக் கரட்டுல விட்டுட்டு வா” என்றது. நான் அழுதேன். கரட்டில் விட்டால் ஒரு ராத்திரி கூட அது தாங்காதே!

மருத்துவரிடம் கேட்டேன். “உங்கம்மா பயப்படுறது நியாயந்தான்” என்றார். சுண்டெலிகளிடம் இருக்கக்கூடிய ஒரு வைரஸ் கர்ப்பிணிகளுக்குத் தொற்றினால், வயிற்றுக் குழந்தையின் மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாமாம். கர்ப்பிணிகள் எலியைத் தொடவோ கூண்டைச் சுத்தம் செய்யவோ கூடாது. எலி வேறு வீட்டில் இருப்பதே நல்லதாம்.

இப்போது ஏலம் என் தோழி வீட்டில் இருக்கிறது. தினமும் பள்ளி விட்டதும் போய்க் கூண்டைச் சுத்தம் செய்கிறேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, உடுப்பை மாற்றிய பிறகுதான் அக்கா பக்கத்தில் உட்காருகிறேன். அம்மாவும் இப்போது, “எலிக்குத் தீனி வச்சியா?” என்று கேட்கிறது.

ஆசைக்கு வாங்கினால் போதாது நண்பர்களே. வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அதை மிளகு செத்துத்தான் சொல்லிக்கொடுத்தது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி