பிறர் நடக்கும் நம் நிலம்

பாகப்பிரிவினை முடிந்த மறுவாரமே வேலி முளைத்து விடுகிறது. அண்ணனுக்குச் சாலையோர வயல். தம்பிக்கு அதன் பின்வயல். தகப்பனார் காலத்தில் ஒரே நிலமாயிருந்தபோது எவருக்கும் வழி தேவைப்படவில்லை. இன்றோ தம்பியின் வயலில் அறுப்புக்கு ஆள் இறங்கவும் இடமில்லை. ஒரே பந்தியில் நற்கருணை வாங்குவோர் முன்சீப் கோர்ட்டு வாசலில் முகம் திருப்பிக்கொண்டு நிற்பதைக் காண நமக்கு மனம் கசிகிறது. ஆகவே இதுபற்றிச் சட்டம் கூறுவதை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், பாகம் பிரித்த சொத்தில் ஒருவர் பங்கை அனுபவிக்க மற்றவர் பங்கின் வழியே செல்வது இன்றியமையாததாயின், அவ்வழி அவருக்கு உண்டு என்கிறது. பத்திரத்தில் எழுதவில்லையே என்பது விடையாகாது. எந்த ஓரமாய் வழிவிடுவது என்று குறிக்கும் உரிமை முன்வயல்காரருடையது. அது பின்வயல்காரருக்கு ஏற்ற வசதியுடையதாய் இருத்தல் வேண்டும். அவர் குறிக்க மறுத்தால் பின்வயல்காரரே குறித்துக்கொள்ளலாம். பாதையைச் செப்பனிடும் செலவோ முன்வயல்காரர் தலையில் விழாது. வேறு வழி கிடைத்து அவசியம் தீர்ந்தால் இவ்வுரிமையும் தீரும்.

"நடக்கவிட்டால் நிலமே போய்விடும்" என்று அஞ்சுவோர் பலர். நிலம் போவதில்லை. உரிமையென்று வெளிப்படையாகவும் தடையின்றியும் 20 ஆண்டுகள் நடந்தவருக்கே நடைபாத்தியம் பிறக்கும். நம் அனுமதி கேட்டு நடப்பவருக்கு அது பிறவாது. அனுமதியை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்தல் நன்று. பெற்ற மக்களும் படிக்கட்டும்.

ஆயினும் அனுமதி கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. நிலத்தில் நாம் அறிந்ததும் நடப்பவர் அறியாததுமான ஆபத்து இருப்பின், அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது 57-ஆம் பிரிவு. புதிதாய் ஆபத்தை உண்டாக்கலாகாது என்கிறது 58-ஆம் பிரிவு. காட்டுப்பன்றிக்கென்று இரவில் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவோர் இதனைக் கவனிப்பார்களாக! அக்கம்பி பன்றியையும் பால்காரரையும் பிரித்தறியாது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில், மூடாத குழியில் அயலான் மாடு விழுந்து செத்தால் குழிக்குடையவனே ஈடு செய்யவேண்டும் என்று மோயீசன் விதித்திருப்பதும் இதுவே.

புதர் மூடிய பாழ்கிணறு பாதையோரம் உள்ளவர்கள், ஐப்பசி மழைக்குமுன் புதரை வெட்டி, கைப்பிடிச்சுவர் எழுப்பிவிடுவார்களாக. பணமுடை இருப்பின், அதுவரை முள்ளடைத்து, அவ்வழி செல்லும் பள்ளிப்பிள்ளைகளின் வீடுகளில் இன்றே சொல்லி வைப்பார்களாக.